அடிக்கட்டை தேடிப் போன ஐந்து நாட்கள்

முதல் நாள், ஷெஃபீல்ட்

லண்டன் செயின்ட் பாங்கிராஸில் காலை ரயில் ஏறி இரண்டு மணி நேரத்தில் ஷெஃபீல்டில் இறங்கியாயிற்று. அண்ணன் மகன் இங்கேதான் படிக்கிறான், அவன் அறையில்தான் தங்கல். வந்ததும் ஒரு ரசம் வைத்து, இரண்டு பேரும் சூடாகச் சாப்பிட்டுவிட்டு, இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். எதற்காக இவ்வளவு தூரம் வந்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

முப்பது வருடம் கூட்டுறவு வங்கியில் பேரேடு எழுதியவள் நான். பழைய கணக்குப் புத்தகம் என்றால் எனக்குத் தனிப் பிரியம், அதில் ஊரே உட்கார்ந்திருக்கும். யார் கட்டினார், யார் கட்டவில்லை, யாருக்குத் தவணை தள்ளிப் போட்டார்கள், எந்த வருடம் விளைச்சல் பொய்த்தது, எல்லாம் ஒரு பக்கத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். இங்கிலாந்தின் பிரபுக் குடும்பங்கள் எஸ்டேட் கணக்கைத் தலைமுறை தலைமுறையாக எழுதி வைத்திருக்கின்றன என்று படித்த நாளிலிருந்து, ஒரே ஒரு வீட்டின் கணக்கையாவது தொட்டுப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. அந்த ஒரு வீடாக நான் எடுத்துக்கொண்டது வென்ட்வொர்த் வுட்ஹவுஸ்.

ஷெஃபீல்டுக்கு வடக்கே, ராதர்ஹாம் பக்கத்தில் இருக்கிறது. முகப்பு மட்டும் 606 அடி நீளம். ஃபிட்ஸ்வில்லியம் ஏர்ல்களின் வீடு ('ஏர்ல்' என்பது பரம்பரைப் பட்டம்). 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அவர்களுக்கு 1,15,000 ஏக்கருக்கு மேல் நிலம் இருந்தது. அதில் பெரும்பகுதி அயர்லாந்தின் விக்லோவில், யார்க்‌ஷயரில் சுமார் 22,000 ஏக்கர்தான், ஆனால் அந்த 22,000 ஏக்கருக்கு அடியில் நிலக்கரி. 1902இல் ஆறாவது ஏர்ல் இறந்து பேரன் ஏழாவது ஏர்ல் ஆனார். நாட்டிலேயே பெரிய பணக்காரர்களில் ஒருவர் அவர். எனக்கு வேண்டியது அந்தக் காலம்தான், 1902லிருந்து முதல் உலகப் போர் வரை. ஒரு பெரிய வீடு கடைசியாக முழு மூச்சில் ஓடிய பத்துப் பன்னிரண்டு வருடங்கள்.

ஆனால் அந்தக் காலத்துக் காகிதம்தான் இல்லை. 1972இல் பத்தாவது ஏர்ல் சொல்லி, குடும்பத்தின் இருபதாம் நூற்றாண்டு ஆவணங்கள் 16 டன், குதிரை லாயத்திலிருந்து டிராக்டரில் ஏற்றிப் பக்கத்துத் தோப்புக்குக் கொண்டுபோய் எரிக்கப்பட்டன. மூன்று வாரம் எரிந்ததாம். பழைய நூற்றாண்டுகளின் காகிதங்கள் 1949லேயே ஷெஃபீல்ட் நகர நூலகத்திடம் ஒப்படைக்கப்பட்டுவிட்டதால் தப்பித்தன.

"எரிஞ்சதைத் தேடி யாராவது விமானம் ஏறுவாங்களா?" என்று அண்ணன் கேட்டார். ரசீதைக் கிழித்துப் போட்டாலும் அடிக்கட்டை யாரிடமாவது இருக்கும் அண்ணா என்றேன். தொழிலில் நான் கற்றுக்கொண்டது அதைத்தான்.

இரண்டாம் நாள், ஷெஃபீல்ட் ஆவணக் காப்பகம்

ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம்தான், ஷோர்ஹாம் தெருவில். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு சாதாரண அலுவலகம். பையை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டு நோட்டும் பென்சிலும் மட்டும் உள்ளே. "அத்தை, பேனாவை வெளியிலேயே வெச்சிருங்க, மை பட்டா போச்சு" என்று அண்ணன் மகன் வாசலிலேயே சொல்லிவிட்டு வகுப்புக்கு ஓடிவிட்டான்.

பட்டியல் புத்தகத்தை வாங்கிப் புரட்டினேன். இந்த வீட்டுக் காகிதங்களுக்கு இங்கே 'டபிள்யூ டபிள்யூ எம்' என்று பெயர், வென்ட்வொர்த் வுட்ஹவுஸ் மியூனிமென்ட்ஸ் என்பதன் சுருக்கம். மியூனிமென்ட் என்றால் உரிமையைக் காக்கும் பத்திரம். நிலம் உன்னுடையது அல்ல என்று எவனாவது வந்து நின்றால் எடுத்துக் காட்ட வேண்டியது. அதனால்தான் இந்தக் குடும்பங்கள் இவ்வளவு காகிதத்தைப் பூட்டிப் பாதுகாத்தார்கள், சரித்திரத்தின் மேல் இருந்த ஆசையால் அல்ல. 1920களில் சொத்துச் சட்டத்தை மாற்றி, உரிமையை நிரூபிக்க அவ்வளவு பழைய பத்திரம் தேவையில்லை என்று ஆக்கினார்கள். அதன்பின் பல வீடுகளிலும் வக்கீல் அலுவலகங்களிலும் மூட்டை மூட்டையாகப் பழைய காகிதம் வெளியே போனது. சட்டத்துக்குத் தேவையில்லை என்று ஆன நாள்தான் ஒரு காகிதத்துக்கு ஆபத்தான நாள், இதை நான் பணியிலும் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பட்டியலில் ஓர் இடத்தில் விரல் நின்றுவிட்டது. எட்மண்ட் பர்க்கின் கடிதங்கள். இந்த வீட்டில் பிறந்த ராக்கிங்ஹாம் பிரபு இரண்டு முறை பிரதமராக இருந்தவர், அவருக்குச் செயலாளராக வந்தவர் பர்க், அதனால் அவருடைய காகிதங்களும் கடைசியில் இந்தக் குடும்பத்திடம் வந்து சேர்ந்தன. 1785இல் ஆற்காடு நவாபின் கடன்களைப் பற்றி நாடாளுமன்றத்தில் அவர் பேசிய பேச்சில் நம் ஏரிகளும் குளங்களும் வருகின்றன. தங்கள் காலத்துக்குப் பிறகும் மக்கள் பிழைக்க வேண்டும் என்று அவற்றைக் கட்டிய அரசர்களை அவர் வாயாரப் புகழ்ந்திருப்பார். அவருடைய உறவுபோலப் பழகிய வில்லியம் பர்க் தஞ்சாவூர் ராஜாவுக்கு லண்டனில் முகவராக இருந்தவர். தஞ்சாவூர் ஜில்லாக்காரி நான், யார்க்‌ஷயரில் உட்கார்ந்துகொண்டு அந்தப் பெயரைப் படித்ததும் கொஞ்ச நேரம் பட்டியலை மூடி வைத்துவிட்டுச் சும்மா இருந்தேன். கேட்டு வாங்கிப் பார்க்க மனம் துடித்தது. ஆனால் அதற்கு ஒரு நாள் முழுதும் வேண்டும், வந்த வேலை வேறு. அடுத்த முறை.

நான் கேட்டது 19ஆம் நூற்றாண்டின் குத்தகைப் பேரேடு ஒன்று. பஞ்சுத் திண்டின் மேல் வைத்து, பக்கம் மூடாமல் இருக்கத் துணியில் தைத்த கனமான மணிச்சரம் ஒன்றையும் கொடுத்தார்கள். தோல் அட்டை சிவப்புப் பொடியாக உதிர்கிறது, திறந்ததும் விரல் நுனியெல்லாம் குங்குமம் தொட்ட மாதிரி. உள்ளே பார்த்தால், சத்தியமாகச் சொல்கிறேன், நான் எழுதிய அதே பத்திகள். முன் நிலுவை, நடப்பு, வசூல், தள்ளுபடி, மீதி நிலுவை, கடைசியில் குறிப்பு. வருடத்துக்கு இரண்டு தண்டல், மார்ச் 25ஆம் தேதி மாதா திருநாளன்று ஒன்று, செப்டம்பர் 29ஆம் தேதி மைக்கேல் திருநாளன்று ஒன்று. ஆங்கிலம் தடுமாறினாலும் கணக்குத் தடுமாறவில்லை. எந்தப் பெயருக்கு நேராக நிலுவை பெருகுகிறது, எந்த அரை வருடத்தில் திடீரென்று தள்ளுபடி விழுகிறது என்று விரலை வைத்துக்கொண்டே போனேன்.

குறிப்புப் பத்தியில் பெரும்பாலும் ஒன்றும் இல்லை. எப்போதாவது ஒரு சொல். 'விதவை' என்று ஓர் இடத்தில். அதற்கு முந்தைய அரை வருடம் அதே வீட்டுக்கு நேராக ஓர் ஆண் பெயர் இருந்தது, அடுத்ததில் ஒரு பெண் பெயர், பக்கத்தில் அந்தச் சொல், வாடகை அதேதான். ஒரு பக்கத்தில் சின்னத் துண்டுச் சீட்டு குண்டூசியால் குத்தப்பட்டிருந்தது, ஊசி துருப்பிடித்து இரண்டு பக்கங்களுக்குப் பழுப்பு வட்டம் இறங்கியிருக்கிறது. சீட்டில் ஒரு கூட்டல் மட்டும். பேரேட்டில் ஏற்றுவதற்கு முன் தனியாகப் போட்டுப் பார்த்த கூட்டல். நானும் அப்படித்தான் போடுவேன்.

மேஜையில் இருந்த அம்மாவிடம் 1900க்குப் பிறகு இதே மாதிரி தொடர்ச்சி உண்டா என்று கேட்டேன். அங்கங்கே கொஞ்சம் இருக்கிறது, ஆனால் இந்த மாதிரி வரிசையாக இல்லை என்றார். பிறகு அவரே, சுரங்கக் கணக்கு வேண்டுமானால் தேசிய நிலக்கரி வாரியத்திடமிருந்து வந்த காகிதங்களில் பாருங்கள் என்றார். 1947 ஜனவரி 1 அன்று சுரங்கங்களை அரசு எடுத்துக்கொண்டபோது பழைய சுரங்கப் புத்தகங்கள் பலவும் கூடவே கைமாறியிருக்கின்றன. ஏர்ல் வீட்டில் இருந்தவை எரிந்தன, சுரங்க அலுவலகத்தில் இருந்தவை அரசுக்குப் போயின. முதல் அடிக்கட்டை!

மூன்றாம் நாள், வென்ட்வொர்த்

காலையில் பஸ் ஒன்று வரவே இல்லை, நிறுத்தத்தில் முக்கால் மணி நேரம் குளிரில் நின்று கால் மரத்துப்போனது. அண்ணன் மகன் தன் மஃப்ளரையும் எனக்கே சுற்றிவிட்டான்.

கிராமத்துக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் படுவது கதவுகள். வீட்டுக்கு வீடு ஒரே பச்சை. எஸ்டேட் வீடு என்பதற்கு அதுதான் அடையாளம். கடைசி ஏர்ல் 1979இல் வாரிசில்லாமல் இறந்து பட்டமே முடிந்துபோனது, கிராமத்துச் சொத்தைப் பார்த்துக்கொள்ள ஓர் அறக்கட்டளை ஏற்பட்டது, பச்சை மட்டும் தொடர்கிறது.

வீட்டைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன், படங்களில் பார்க்கலாம். பளிங்குக் கூடம் 60 அடிக்கு 60 அடி. ஸ்டப்ஸ் வரைந்த விசில்ஜாக்கெட் என்ற குதிரையின் ஓவியம் இங்கே இருந்தது, 1997இல் லண்டன் தேசிய ஓவியக் கூடத்துக்குப் போய்விட்டது, இப்போது இருப்பது நகல். 2017இல் ஒரு பாதுகாப்பு அறக்கட்டளை 70 லட்சம் பவுண்டுக்கு வீட்டை வாங்கி, கூரையிலிருந்து ஆரம்பித்துச் சரிசெய்துகொண்டு வருகிறார்கள்.

என்னை நிறுத்தியது 1912 ஜூலையைப் பற்றி வழிகாட்டி சொன்னது. அந்த மாதம் 8ஆம் தேதி ஐந்தாம் ஜார்ஜ் மன்னரும் மேரி ராணியும் இந்த வீட்டில் விருந்தாளிகளாக வந்து இறங்கினார்கள். மறுநாள் விடிவதற்குள், சில மைல் தள்ளி கேட்பி சுரங்கத்தில் வெடிப்பு. அது வேறொரு கம்பெனியின் சுரங்கம், ஏர்லுடையது அல்ல. 35 பேர் செத்தார்கள். மன்னரைப் பார்க்கும் ஆசையில் பலர் அன்று இரவு வேலைக்கு இறங்கவில்லை, இல்லையென்றால் இன்னும் எத்தனை பேரோ. அப்புறம் மீட்க இறங்கியவர்கள் மேல் இரண்டாவது வெடிப்பு, அதில் அரசாங்கச் சுரங்க ஆய்வாளர்கள் மூன்று பேரும் போனார்கள். மொத்தம் 90 பேர் அளவில். அன்று மாலை மன்னரும் ராணியும் சுரங்க வாசலுக்கே போய் நின்றார்கள்.

அந்த வாரத்து வீட்டுக் கணக்கு கிடைத்தால் என்னவெல்லாம் தெரியும்! எத்தனை பேருக்குச் சமைத்தார்கள், கூடுதல் வேலையாட்கள் எத்தனை, செவ்வாய்க்கிழமை ராத்திரி விருந்து குறைந்ததா. நான் தேடிய வரையில் அது கிடைக்கவில்லை. கீழே செத்தவர்களின் பெயர்கள் விசாரணை அறிக்கையில் இருக்கின்றன.

வெளியே வந்து புல்வெளியைப் பார்த்தபடி நின்றோம். 1946இல் எரிபொருள் அமைச்சர் ஷின்வெல் உத்தரவில் இந்தத் தோட்டத்தையும் பூங்காவையும் வீட்டு வாசல் வரைக்கும் தோண்டி நிலக்கரி எடுத்தார்கள். அதை எதிர்த்தவர்களில் யார்க்‌ஷயர் சுரங்கத் தொழிலாளர் சங்கத் தலைவர் ஜோ ஹாலும் ஒருவர், வேலைநிறுத்தம் வரை போவோம் என்றார். ஏர்லின் தோட்டத்துக்காகத் தொழிலாளி ஏன் மல்லுக்கு நிற்க வேண்டும் என்று அண்ணன் மகன் கேட்டான். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் நடந்துவந்து உட்கார்ந்த இடம்டா இது, அவர்களுக்கும் இது ஊர்தானே என்றேன். அவன் ஒத்துக்கொள்ளவில்லை. திரும்பும் வழியெல்லாம் அதே பேச்சுதான்.

நான்காம் நாள், எல்ஸிகார்

ஷெஃபீல்டிலிருந்து பார்ன்ஸ்லி போகும் ரயிலில் எல்ஸிகார் நிலையம். இது ஏர்ல் கட்டிய ஊர் என்றே சொல்லலாம். சுரங்கம், இரும்பு உலை, பட்டறைகள், குடியிருப்பு வரிசைகள், விருந்தாளிகளை டான்காஸ்டர் குதிரைப் பந்தயத்துக்கு அனுப்ப ஏர்லுக்கென்றே ஒரு தனி ரயில் நிலையம்கூட. 1795இல் வைத்த நியூகோமன் நீராவி எஞ்சின், சுரங்கத்திலிருந்து தண்ணீர் இறைத்தது, வைத்த இடத்திலேயே இன்னும் நிற்கிறது. 1923 வரை ஓடியிருக்கிறது.

நான் பார்க்க வந்தது வீடுகளை. பழைய வரிசை, பிறகு 1837இல் கட்டிய ரிஃபார்ம் ரோ. மணற்கல் சுவர், கரி படிந்து கறுத்தது, சின்ன ஜன்னல், வாசலில் மூன்று பூந்தொட்டி. ஒரு பெரியவர் கதவைத் திறந்து என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். தன் அப்பா எல்ஸிகார் மெய்ன் சுரங்கத்தில் இருந்தவர் என்றார், அது 1983இல்தான் மூடியது. வாடகையைச் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்வார்கள் என்று தாத்தா சொல்லுவாராம். அப்படியானால் ஒரே குடும்பத்தின் பெயர் இரண்டு புத்தகங்களில் இருந்திருக்கும், வாடகைப் பேரேட்டில் ஒன்று, சம்பளப் புத்தகத்தில் ஒன்று.

கதவு எண்ணையும் வரிசையின் பெயரையும் குறித்துக்கொண்டேன். நாளைக்கு வேண்டும்.

ஐந்தாம் நாள், கியூ

விடியற்காலை ரயிலில் லண்டன் திரும்பி, கியூ கார்டன்ஸ் நிலையத்தில் இறங்கி தேசிய ஆவணக் காப்பகம். வாசலில் குளம், நாரை மாதிரி ஒரு பறவை ஒற்றைக் காலில் நின்றது. அடையாளச் சான்றுகளைக் காட்டி வாசகர் அட்டை எடுத்துக்கொண்டேன், புகைப்படம் எடுத்து உடனே கொடுத்துவிட்டார்கள்.

நான் தேடி வந்த பெரிய அடிக்கட்டை இதுதான். 1909 ஏப்ரலில் நிதியமைச்சர் லாயிட் ஜார்ஜ் கொண்டுவந்த பட்ஜெட்டில் நிலத்துக்கு வரி. நில மதிப்பு தானாக ஏறினால் அந்த ஏற்றத்தில் ஐந்தில் ஒரு பங்கு அரசுக்கு. சுரங்க உரிமைக்கும் தனி வரி. நிலப் பிரபுக்கள் நிறைந்த மேலவை அதை நவம்பரில் நிராகரித்தது, 1910இல் இரண்டு தேர்தல் நடந்தது, ஏப்ரலில் பட்ஜெட் நிறைவேறியது, 1911இல் மேலவையின் கையையே சட்டம் கட்டிப்போட்டது. ஆனால் வரி போட வேண்டுமானால் முதலில் மதிப்புத் தெரிய வேண்டும். அதற்காக நாட்டில் உள்ள ஒவ்வொரு வீடு, வயல், கடை, கொட்டகைக்கும் ஒரு எண் கொடுத்து, உரிமையாளர்களுக்குப் படிவம் அனுப்பி, ஆளை நேரில் அனுப்பி அளந்து எழுதினார்கள். நில மதிப்பு ஏற்றத்துக்கான வரி 1920இல் ரத்தாகிவிட்டது. எழுதியது அப்படியே இருக்கிறது. களப் புத்தகங்கள், ஐஆர் 58 என்ற வரிசையில், ஏறத்தாழ 95,000 புத்தகங்கள்.

தேடும் முறை இப்படி. இரண்டாம் மாடியில் வரைபடம் கேட்க வேண்டும். அளவைத் துறையின் பெரிய வரைபடத்தின் மேல் ஒவ்வொரு சொத்தையும் வண்ணத்தில் எல்லை கட்டி, நடுவில் சிவப்பு மையில் எண் எழுதியிருப்பார்கள். நம் புல வரைபடம் பார்த்தவர்களுக்கு ஒன்றும் புதிதில்லை. பத்து நிமிடத்தில் எல்ஸிகார் கிடைத்தது. நேற்று நின்ற வரிசை, சின்னச் சின்னக் கட்டங்களாக. எண்ணைக் குறித்துக்கொண்டு முதல் மாடிக்கு இறங்கி, அந்த எண் அடங்கிய புத்தகத்தைக் கேட்டேன். இருக்கை எண் போட்ட கண்ணாடிப் பெட்டியில் வந்து உட்கார்ந்திருந்தது. என் கைக்கு அடக்கமான தடிப் புத்தகம். நூறு சொத்துக்கள், ஒவ்வொன்றுக்கும் நான்கு பக்கம்.

திறந்தேன். உரிமையாளர் என்ற இடத்தில் ஏர்ல் ஃபிட்ஸ்வில்லியம். அடுத்த சொத்திலும் அதே. அதற்கடுத்ததிலும். எழுதி எழுதிக் கை சலித்து, சில பக்கம் தள்ளி வெறும் 'மேற்படி' ஆகிவிட்டது. குடியிருப்பவர் என்ற இடத்தில்தான் ஒவ்வொரு பக்கமும் புதுப் பெயர், அங்கே மேற்படி போட முடியாது.

பத்தி பத்தியாகப் படித்தேன். குத்தகைக் காலம், வாரக் கணக்கு. வாடகை, சில ஷில்லிங்கும் பென்ஸும். உள்ளூர் வரியைக் கட்டுவது யார். பழுது பார்ப்பது யார் பொறுப்பு, உரிமையாளர். அப்புறம் நேரில் போய்ப் பார்த்தவர் பென்சிலில் எழுதிய குறிப்பு, கல் சுவர், கீழே எத்தனை அறை, மேலே எத்தனை அறை, வெளியே கழிப்பிடம், கரி வைக்கும் கொட்டில். எழுத்து அவசரமாக ஓடுகிறது, ஒரு நாளில் அவர் எத்தனை கதவு தட்டியிருப்பார் என்று அந்தக் கையெழுத்தைப் பார்த்தாலே தெரியும். ஏர்லின் கணக்குப்பிள்ளைகள் இதே வீட்டைப் பற்றி 1902லிருந்து எவ்வளவோ எழுதியிருப்பார்கள், வாடகை ஏறியது, கூரை ஒழுகியது, புருஷன் போனபின் பெண்டாட்டி பெயருக்கு மாற்றியது. அந்தப் பக்கத்துக் காகிதத்தைக் கொளுத்தியவரால் இந்தப் பக்கத்துக் காகிதத்தைத் தொட முடியவில்லை.

நேற்று பெரியவர் நின்ற கதவின் எண்ணுக்கு வந்தேன். குடியிருந்தவரின் பெயர் தெளிவாக இருந்தது. அந்த வீட்டில் இப்போது இருப்பவர்களுக்கு உறவோ என்னவோ, அதனால் பெயரை இங்கே எழுதவில்லை. நோட்டில் எழுதிக்கொண்டேன், அண்ணன் மகன் மறுபடி அந்தப் பக்கம் போகும்போது கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறான்.

மதிப்புக் கணக்கின் கடைசி வரியில், கூட்டுத்தொகைக்குப் பக்கத்தில், வேறொரு மையில் ஒரு சின்ன டிக். எழுதியவருடைய கை அல்ல அது. யாரோ இரண்டாவதாக உட்கார்ந்து கூட்டிப் பார்த்து, சரி என்று போட்டது. அடுத்த பக்கம் திருப்பினேன், அங்கேயும் இருந்தது. அதற்கடுத்த பக்கத்திலும். மூடும் நேர அறிவிப்பு வரும்வரை திருப்பிக்கொண்டே இருந்தேன்.